நோட்டீஸில் மட்டும் நான் அவங்க ஆள்

புரோக்கர் என்று சொன்னதும் மனிதர்களின் முகம் போகிற போக்கை ஆறு வருஷமாகப் பார்த்துப் பழகிவிட்டேன். பொம்பளை புரோக்கர் என்றால் அந்த முகம் இன்னொரு சுற்று சுற்றும். திருச்சி எடமலைப்பட்டிபுதூரில் நாலு தெருவுக்கு நான் 'புரோக்கரம்மா'. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை. கோபப்பட்டால் வீடு பார்க்க வந்த பார்ட்டி அடுத்த ஆளிடம் போய்விடும். இப்போது என் வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. 25,000 ரூபாய் கட்டி, 'ரியல் எஸ்டேட் முகவர்' என்று அரசாங்கத்தில் பதிவு செய்து, சான்றிதழைச் சட்டம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். லைசென்ஸ் இல்லாமல் வெயிலில் அலைந்த நாளில் எவனும் என்னை ஏமாற்றாத அளவுக்கு, மாட்டிய பிறகு ஏமாந்து நிற்கிறேன். அதற்குத்தான் இந்தக் குமுறல்.

இது என் வீட்டுக்காரர் செய்த தொழில். அவர் காலத்தில் லைசென்ஸும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒரு எண்பது பக்க நோட்டு, சட்டைப் பையில் பேனா, ஒரு டிவிஎஸ் வண்டி. நோட்டில் இடது பக்கம் விற்கிற பார்ட்டி, வலது பக்கம் வாங்குகிற பார்ட்டி. இரண்டையும் ஒரு கோடு இழுத்துச் சேர்த்தால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபோது அந்த நோட்டில் கோடு இழுக்கக் காத்திருந்த பார்ட்டிகள் பதினோரு பேர். எல்லாம் 'பஞ்சாயத்து அப்ரூவல்' மனைகள். அட்வான்ஸ் வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை, கொடுத்தவர்கள் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். இரண்டு மாதத்தில் 500, 1,000 ரூபாய் நோட்டும் செல்லாது என்றாகிவிட்டது. மனுஷன் அதற்குப் பிறகு நிமிரவே இல்லை. 2019-இல் போய்ச் சேர்ந்தார். நோட்டு மட்டும் எனக்கு மிஞ்சியது.

அந்த அடி எனக்கு நினைவிருந்ததால்தான், நான் தொழிலை எடுத்தபோது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டிடிசிபியின், அப்ரூவல் இல்லாத மனைப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. வில்லங்கச் சான்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். தாய்ப்பத்திரத்தில் இருக்கிற நான்கெல்லையும் புல வரைபடமும் ஒத்துப் போகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பேன். பத்தாவது பெயிலான எனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பத்திர எழுத்தர். பட்டாவில் செத்துப்போனவர் பெயர் இருந்தால் வாரிசு யார் யார் என்று கேட்காமல் கை நீட்டாதே என்பார். இன்றைக்கும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எங்கள் தொழிலில் யோக்கியர்கள் குறைவு, அதை நானே சொல்கிறேன். விற்கிறவரிடம் ஒரு விலை, வாங்குகிறவரிடம் ஒரு விலை சொல்லி நடுவில் மேல் வைத்துத் தின்கிறவர்கள் உண்டு. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிஷம் என்பார்கள். எந்த வண்டியில், யார் ஓட்டினால் என்று கேட்கக்கூடாது. ஜனங்கள் ஏமாந்து ஏமாந்துதான் 2016-இல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ரெரா, ரெரா என்கிறோமே, அது. தமிழ்நாட்டுக்கு 2017 ஜூனில் விதிகள் போட்டார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் புரமோட்டர் அதை ரெரா ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவான திட்டத்தில் மனை விற்றுக்கொடுக்கிற முகவரும் பதிவு செய்ய வேண்டும். தனி ஆளுக்கு 25,000 ரூபாய், கம்பெனி என்றால் 50,000. ஐந்து வருஷத்துக்குச் செல்லும். பழைய வீடு, வாடகை வீடு இதற்கெல்லாம் இந்தப் பதிவு தேவையில்லை. அதனால் டீக்கடைக்காரர், எல்ஐசி ஏஜென்ட், ரிட்டயர்டு வாத்தியார் என்று ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் கைமாற்றிவிட்டுக் கமிஷன் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சட்டம் வந்தது நல்லது என்றே நினைத்தேன். இப்போதும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் காலத்தில் இது இருந்திருந்தால் பதினோரு பேர் வாசலில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

என் வழக்குக்கு வருகிறேன்.

பஞ்சப்பூரைத் தாண்டி, மதுரை ரோட்டிலிருந்து உள்ளே ஒரு மனைப்பிரிவு. டிடிசிபி அப்ரூவல் உண்டு, ரெரா நம்பரும் உண்டு. புரமோட்டர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என்னை 'அக்கா அக்கா' என்பார், நான் 'தம்பி' என்பேன். எல்லாம் 30-க்கு 40 மனைகள், 1,200 சதுர அடி. சதுர அடி 1,450 ரூபாய். ஒரு மனை 17,40,000. எனக்கு இரண்டு பர்சென்ட், அதாவது 34,800. வாய்ப் பேச்சுதான். "அக்கா, பார்ட்டிய கூட்டிட்டு வாங்க, ரெண்டு பர்சென்ட் பக்கா" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வேறு.

ஒரு மனை விற்பதென்றால் என்னவென்று சொல்கிறேன். பகல் பதினோரு மணிக்குப் பார்ட்டியைக் கூட்டிப் போவேன். புருஷன், பொண்டாட்டி, மாமியார், பெண்டாட்டியின் அண்ணன். அண்ணனுக்குத்தான் எல்லாம் தெரியும். வெயிலில் கல்லு கல்லாக நடப்போம். நம்பர் போட்ட கல் மண்ணில் புதைந்திருக்கும், காலால் தள்ளிக் காட்டுவேன். மாமியார் 'தெற்குப் பார்த்த மனை வேண்டாம்' என்பார். அண்ணன் தண்ணி எத்தனை அடியில் என்பார். ஆடு மேய்க்கிற பெரியவரைக் கூப்பிட்டு, பக்கத்துத் தோட்டத்துப் போர் எத்தனை அடி என்று அவர் வாயால் சொல்ல வைப்பேன். என் வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், புரோக்கர் ஆயிற்றே. பிறகு நிழலுக்கு ஒதுங்கி, பையிலிருந்து மோர் பாட்டிலை எடுத்துக் கொடுத்து, லேஅவுட் வரைபடத்தை விரித்து, இது பூங்காவுக்கு விட்ட இடம், இது 30 அடி ரோடு என்று காட்டுவேன். திரும்பிப் போனதும் யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள். அதே பார்ட்டி நாலு தடவை வரும். நாலாவது தடவை மாமியாருக்குப் பதில் ஜோசியர் வருவார். பெட்ரோல், மோர், வெயில் எல்லாம் என் கணக்கு.

இப்படி 2024 தை முதல் ஆடி வரைக்கும் நாலு மனை முடித்துக் கொடுத்தேன். பத்திரம் பதிவாகிற அன்றைக்கு சார்பதிவாளர் அலுவலக வேப்பமரத்தடியில் நானும் நிற்பேன். கமிஷன் கேட்டால், "மொத்தமா செட்டில் பண்ணிடுறேன்க்கா." ஆவணியில் போனபோதுதான் பேச்சு மாறியது.

"அக்கா, ரெரா நம்பர் இல்லாத ஆளுக்குக் கமிஷன் குடுத்தா ஆடிட்டர் ஒத்துக்க மாட்டேங்குறாரு. நீங்க பதிவு பண்ணிட்டு வந்துடுங்க. பழசும் புதுசும் சேர்த்துக் கணக்கு முடிச்சிடலாம்."

சரியான பேச்சு என்றுதானே எனக்குப் பட்டது? சட்டத்தை மதிக்கிற மனுஷன் என்று அன்றைக்கு அவர்மேல் மரியாதை கூடியது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பத்துக்குப் பான் கார்டு, ஆதார், போட்டோ, மூன்று வருஷத்து வருமான வரிக் கணக்கு, கணக்கு இல்லையென்றால் இல்லை என்று உறுதிமொழி. எல்லாம் கொடுத்துவிட்டேன். தொழில் செய்கிற இடத்துக்கு முகவரிச் சான்று கேட்டார்கள், அங்கேதான் முட்டியது. என் தொழில் இடம் என் வீட்டுத் திண்ணை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஸ்டூல். வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒப்பந்தத்தில் எழுதித் தரக் கேட்டேன். மனுஷன் பதறிப்போனார். "ஆபீஸுன்னு எழுதுனா ஈபிக்காரன் கமர்ஷியல் மீட்டர் போடுவாம்மா. நூறு யூனிட் ஃப்ரீ போயிடும். அப்புறம் மாநகராட்சி வரி..." அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மூன்று நாள் அவர் வீட்டம்மாவிடம் பேசி, வாடகையில் 500 ரூபாய் ஏற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்ட பிறகு கையெழுத்துப் போட்டார். அந்த 500 ரூபாயை இன்றைக்கும் மாதாமாதம் கொடுக்கிறேன்.

25,000-க்கு ஒன்றரைப் பவுன் வளையல் அடகுக் கடைக்குப் போனது. கம்ப்யூட்டர் சென்டர் பையன் விண்ணப்பம் ஏற்ற 1,500 வாங்கினான். கார்த்திகையில் சான்றிதழ் வந்துவிட்டது. அதில் எனக்குக் குறை இல்லை. என் பெயர், என் தகப்பன் பெயர், ஒரு நீளமான பதிவு எண். கலரில் பிரிண்ட் எடுத்து சட்டம் போடக் கொடுத்தபோது, கடைக்காரர் பெயரைப் படித்துவிட்டு "ஓ, உங்க பேரு இதுதானா?" என்று கேட்டார். ஊரில் என் பெயரை எனக்கே திருப்பிக் கொடுத்த காகிதம் அது. அன்றைக்கு ராத்திரி என் பெரிய மகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

பதிவுக்குப் பிறகு இன்னும் ஐந்து மனை. 2025 மே மாதம் பஞ்சப்பூரில் புதுப் பஸ் ஸ்டாண்ட் திறந்தார்கள், பிறகு கேட்கவா வேண்டும்? போன் ஓயவில்லை. ஒவ்வொரு வியாபாரத்திலும் முகவரின் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. என் எண்ணை எழுதிய விசிட்டிங் கார்டு அடித்து ஒவ்வொரு பார்ட்டிக்கும் கொடுத்தேன். வரவு செலவுக்குத் தனி நோட்டு போட்டேன், அதுவும் சட்டம் சொல்வதுதான். ஆக ஒன்பது மனை. 3,13,200 ரூபாய். வந்தது 2024 தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ், அதன் மேல் கவரில் 10,000. "கணக்குல வச்சுக்குங்கக்கா."

ஆடி முடிகிற நேரத்தில் தம்பி கூப்பிட்டனுப்பினார். பக்கத்து நிலத்தையும் வாங்கியாயிற்று, 'பேஸ் டூ' போடப் போகிறோம், ஆளுக்கு 50,000 டோக்கன் வாங்கிப் பார்ட்டிகளைப் பிடித்து வையுங்கள் என்றார்.

"ரெரா நம்பர் வந்துடுச்சா தம்பி?"

"அப்ளை பண்ணிட்டோம்க்கா, வந்துடும். டிடிசிபியே இன்னும் ரெண்டு மாசத்துல வந்துடும்."

டிடிசிபியே வரவில்லை. பதிவாகாத திட்டத்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது, முன்பணம் வாங்கக்கூடாது என்பது புரமோட்டருக்குச் சட்டம். அதில் விற்றுக்கொடுக்கக் கூடாது என்பது எனக்குச் சட்டம். மீறினால் ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் வீதம், மனை விலையில் ஐந்து பர்சென்ட் வரைக்கும் என்னிடம் அபராதம் வாங்கலாம். பதிவையே ரத்து செய்யவும் செய்யலாம். இரண்டு பர்சென்ட் கமிஷனுக்கு ஓடுகிறவளுக்கு ஐந்து பர்சென்ட் அபராதம்! இதெல்லாம் லைசென்ஸ் வாங்கும்போது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் பையனை வைத்து வரி வரியாகப் படித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் அபராதத்துக்குப் பயந்து மட்டும் நான் மறுக்கவில்லை. 2016-இல் என் வாசலில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரின் முகம் எனக்குத் தெரியும்.

"நம்பர் வரட்டும் தம்பி, அன்னைக்கே பத்துப் பேரைக் கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பினார்.

புரட்டாசியில் கணக்குக் கேட்டுப் போனேன். அன்றைக்கு அவர் 'அக்கா' என்று கூப்பிடவில்லை, 'மேடம்' என்றார். பிறகு நடந்ததை எத்தனை தடவை சொன்னாலும் என் உடம்பு நடுங்குகிறது.

முதல் நாலு மனைக்குக் கமிஷன் கொடுக்க முடியாதாம். ஏன்? அந்த நாலும் நான் பதிவு செய்வதற்கு முன்னால் நடந்தவை. "பதிவு இல்லாம வித்துக் குடுத்தது சட்டப்படி குத்தம் மேடம். அதுக்குக் காசு குடுத்தா நானும் மாட்டுவேன், நீங்களும் மாட்டுவீங்க. டெய்லி பத்தாயிரம் ஃபைன், தெரியும்ல?" தெரியும். நான் மறுத்ததற்குக் காரணமான அதே சட்டத்தை எடுத்து என் தலையிலேயே போட்டார்.

சரி, பதிவுக்குப் பிறகு முடித்த ஐந்து? மேஜையில் ஒரு ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினார். சைட் பார்க்க வருகிறவர்கள் எழுதுகிற ரெஜிஸ்டர். ஐந்து பார்ட்டியும் அதில் இருக்கிறார்கள். 'யார் மூலம்' என்கிற கட்டத்தில் ஐந்து இடத்திலும் 'நேரடி'. நீல மை, ஒரே கையெழுத்து. அவருடைய மார்க்கெட்டிங் பையன் எதிரே உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். அந்த ஐந்தில் ஒரு பார்ட்டிக்கு நாலு தடவையும் மோர் வாங்கிப் போனவள் நான். ஒரு தடவை இந்தப் பையனே ஒரு பாட்டில் வாங்கிக் குடித்தான்.

"தம்பி, மனசாட்சியத் தொட்டுச் சொல்லுப்பா" என்றேன் அவனிடம். தலை நிமிரவே இல்லை.

பதிவுக்கு முன்னால் விற்றால் சட்டம் ஒத்துக்கொள்ளாது, பின்னால் விற்றால் ரெஜிஸ்டர் ஒத்துக்கொள்ளாது. அப்புறம் என்னத்துக்கு ஐயா என் வளையலை அடகு வைக்கச் சொன்னாய்?

வீட்டுக்கு வந்து, பெரியவளை விட்டு ஆணையத்தின் வெப்சைட்டில் அந்த மனைப்பிரிவின் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். புரமோட்டர் திட்டத்தைப் பதிவு செய்யும்போதே தன்னுடைய முகவர்கள் யார் யார் என்று பெயரும் முகவரியும் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. இருந்தால் கொடுக்க வேண்டும். அவர் யாரையும் கொடுக்கவில்லை. பதிவு பண்ணிட்டு வாங்க என்று என்னை அனுப்பியவர், நான் வாங்கி வந்த பிறகும் என்னை அங்கே சேர்க்கவில்லை. ஆடிட்டரிடம் போய் வருமான வரியின் 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்தேன். எனக்குக் கமிஷன் கொடுத்ததாக டிடிஎஸ் பிடித்த கணக்கு ஒரு ரூபாய்க்கும் இல்லை. தீபாவளிக் கவர் காற்றோடு போயிற்று. அவர் காகிதங்கள் எதிலும் நான் பிறக்கவே இல்லை.

வக்கீலைப் பார்த்தேன். வயசானவர், பொறுமையாகக் கேட்டார். "எழுத்துல ஏதாவது இருக்காம்மா?" என்றார். குரல் பதிவு இருக்கிறது என்றேன். செல்லும், ஆனால் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் ஒன்று முறைப்படி இணைக்க வேண்டும், அந்தப் போனைப் பத்திரமாக வைத்துக்கொள் என்றார். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் முகவருக்கு வேலை முடிந்ததும் கூலி சேரும் என்று இருக்கிறதாம். மூன்று வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டில் பணம் கேட்டு வழக்குப் போட வேண்டுமாம். முதல் நாலு மனையைப் பற்றிக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதிவில்லாமல் செய்த வேலைக்குக் கூலி கேட்டால், சட்டம் தடுத்த காரியத்துக்கு ஒப்பந்தம் செல்லாது என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதாடும் என்றார்.

"ரெரா சட்டத்துல என் கமிஷனுக்கு ஒண்ணுமே இல்லையாங்கய்யா?"

அவர் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். முகவர் என்னென்ன செய்ய வேண்டும், என்னென்ன செய்யக்கூடாது என்று இருக்கிறது. கணக்கு வைக்க வேண்டும், பொய் விளம்பரம் கூடாது, வாங்குகிறவருக்கு உரிய காகிதங்கள் எல்லாம் கிடைக்கச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் என்ன அபராதம் என்று இருக்கிறது. முகவருக்குக் கூலி எவ்வளவு, யார் தர வேண்டும், எந்த நாளுக்குள் தர வேண்டும் என்று ஒரு வரி இல்லை. வாங்குகிறவருக்கு மனையை ஒப்படைக்கத் தாமதமானால் புரமோட்டர் வட்டி கட்ட வேண்டும் என்று எழுதத் தெரிந்திருக்கிறது. முகவர் என்று எனக்குப் பெயர் வைத்து, எண் கொடுத்து, கட்டணம் வாங்கிக்கொண்டவர்களுக்கு நானும் சாப்பிட வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. ஆட்டோவுக்கு மீட்டர் கட்டணம் வைக்கிறார்கள், பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை இத்தனை பர்சென்ட் என்று வைக்கிறார்கள். என் கமிஷன் என்றால் மட்டும் வாய்ப் பேச்சாம்!

நான் சலுகை கேட்கவில்லை ஐயா. புரமோட்டர் முகவரை வைத்து விற்றால் கமிஷன் இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாக வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் போதும். பத்திரப் பதிவு அன்றைக்கு இது யார் மூலம் நடந்தது என்று வாங்குகிறவரையே கேட்டு எழுதிக்கொண்டால் போதும். அந்த ஐந்து பார்ட்டியும் என் பெயரைச் சொல்லாமல் வேறு யார் பெயரைச் சொல்லியிருப்பார்கள்? ரெஜிஸ்டர் எழுதுகிற பேனா புரமோட்டர் கையில் இருக்கிறவரைக்கும் எல்லாரும் நேரடியாகத்தான் வந்திருப்பார்கள்.

இவ்வளவோடு போயிருந்தால் வளையல் போனது, வெயில் போனது, விதி என்று அழுதுவிட்டு அடுத்த வாடகை வீட்டைக் காட்டப் போயிருப்பேன். ஒரு மாத வாடகை கமிஷன், நிம்மதியான காசு. அவர்கள் விடவில்லை.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வெளியே வந்தேன். திண்ணையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கருமண்டபத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறவர். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மகனுக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறேன். கையில் வழவழவென்று ஒரு கலர் நோட்டீஸ். 'பேஸ் டூ, முன்பதிவு ஆரம்பம், பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்.' கீழே அந்த மார்க்கெட்டிங் பையனின் போன் நம்பர். அதற்கும் கீழே பொடி எழுத்தில் 'ரெரா பதிவு பெற்ற முகவர்' என்று போட்டு ஒரு நீளமான எண்.

என் எண்.

திட்டத்துக்கு எண் இல்லை. அதனால் என் எண்ணை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பார்க்கிறவனுக்கு ரெரா என்கிற எழுத்தும் ஒரு நம்பரும் இருந்தால் போதாதா? அது திட்டத்தின் எண்ணா முகவரின் எண்ணா என்று யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? கமிஷன் கேட்டால் நான் யாரோ, வழியில் போகிறவள். நோட்டீஸில் மட்டும் நான் அவர்கள் ஆள்.

அந்த அம்மாவுக்கு நம்பர் தெரியாது. நான் ஒரு தடவை கொடுத்த விசிட்டிங் கார்டை அவர் மகன் பர்ஸில் வைத்திருந்திருக்கிறான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்துவிட்டு, "நம்ம அக்காவோட சைட்டுதாம்மா" என்று சொல்லியிருக்கிறான்.

"உங்க நம்பர்னு தெரிஞ்சுதான் நம்பிக் கட்டினேன் கண்ணு. அம்பதாயிரம். இப்ப போன் பண்ணினா அந்தத் தம்பி எடுக்க மாட்டேங்குது. பத்திரம் எப்ப வரும்?"

ரசீதை வாங்கிப் பார்த்தேன். 'பேஸ் டூ அட்வான்ஸ்' என்று மட்டும் இருந்தது. மனை எண் இல்லை, புல எண் இல்லை, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிறுக்கல். அதே நீல மை. அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புரோக்கர் என்றதும் எல்லாரும் பார்க்கிற பார்வை இல்லை அது. அப்படிப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. நோட்டீஸ் அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்றுகூடத் தெரியாது. என் பெயரில் இன்னும் எத்தனை பேர் 50,000 கட்டியிருக்கிறார்களோ? வீட்டுக்காரரின் பழைய நோட்டை எடுத்துப் புரட்டினேன். கோடு இழுக்காத பதினோரு பெயர்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் இட்லிக் கடை அம்மாவின் பெயரையும், 50,000 என்றும், தேதியும் எழுதினேன்.

காலையில் பெரியவள் ஆணையத்துக்கு மனு எழுதித் தந்தாள். இந்த எண் என்னுடையது, இந்த நோட்டீஸ் என்னுடையது அல்ல என்று. கீழே என் முழுப் பெயரும் பதிவு எண்ணும். கையெழுத்துப் போடும்போது கை தடுமாறியது. மனுவோடு என் 3,13,200 கணக்கையும் சேர்க்கட்டுமா என்று அவள் கேட்டாள். அது தனியாக இருக்கட்டும், வக்கீல் பார்த்துக்கொள்வார் என்றேன்.

நாளை பத்து மணிக்கு அந்த அம்மாவையும் அவர் மகனையும் கூட்டிக்கொண்டு புரமோட்டரின் ஆபீஸுக்குப் போகிறேன். 50,000-ஐ எண்ணி வாங்காமல் படியிறங்குவதில்லை. சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றி, நோட்டீஸோடு சேர்த்துப் பையில் வைத்திருக்கிறேன். ரெஜிஸ்டரை நீட்டினால் 'யார் மூலம்' என்கிற கட்டத்தில் இந்தத் தடவை நானே எழுதுவேன்.